பட்டறைப் பதில்கள்: கிட்டார் பிரிட்ஜுக்குப் போகும் ஒற்றை ஒயர்

போன இதழில் மிக்ஸி பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, "கிட்டார் ஆம்ப்பில் வரும் உறுமலுக்குப் பாதிக் காரணம் கிட்டாருக்குள்ளேயே இருக்கும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை கொள்ளவில்லை. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இவ்வளவு பேர் கிட்டார் வைத்திருக்கிறீர்களா! நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த காலத்தில் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்து நாலு எலெக்ட்ரிக் கிட்டார்தான். நாலுக்கும் நான்தான் ஈயம் வைத்தேன். சரி, இந்த மாதம் முழுக்கக் கிட்டார். மிக்ஸிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கல்லூரி மாணவர், லாசுப்பேட்டை: சார், ஸ்ட்ராட் மாடல் கிட்டார் ஒன்றைப் பழசாக வாங்கி, மூன்று பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) நானே மாற்றினேன். சத்தம் நன்றாக வருகிறது. கூடவே ‘ஊம்’ என்று ஓர் உறுமலும் வருகிறது. கம்பியைத் தொட்டாலும் அது குறைவதில்லை. கேபிள் சொருகும் ஜாக்கின் இரும்பைத் தொட்டால் மட்டும் குறைகிறது. பின்பக்க மூடியைத் திறந்தால், ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்தில் ஒரு கறுப்பு ஒயர் எதிலும் ஒட்டாமல் தொங்குகிறது. நண்பன் ‘அது வேண்டாத ஒயர், வெட்டிவிடு’ என்கிறான். வெட்டலாமா?

வெட்டாதீர்கள் தம்பி. உங்கள் கிட்டாரில் இப்போது வேலை செய்யாமல் இருப்பதே அந்த ஒயர் ஒன்றுதான்.

தொட்டுப் பார்த்ததை எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அதிலேயே தெரிந்துவிட்டது. ஜாக்கைத் தொட்டால் உறுமல் அடங்குகிறது. ஆகவே ஆம்ப்பிலிருந்து ஜாக் வரை கிரவுண்ட், அதாவது சிக்னல் திரும்பிப் போகும் பொதுப் பாதை, ஒழுங்காக வந்து சேர்கிறது. கம்பியைத் தொட்டால் அடங்கவில்லை. ஆகவே ஜாக்கிலிருந்து கம்பிக்கு அது போகவில்லை. நடுவில் விட்டுப்போனது நீங்கள் கண்ணால் பார்த்த அதே கறுப்பு ஒயர். பிக்கப் மாற்றுவதற்காக முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கியிருப்பீர்கள். அப்போது இழுபட்டு, பழைய ஈயப்பற்று விட்டிருக்கும்.

ஏன் இந்த ஒயர் என்று கேட்டால் எனக்கு ஒரு பக்கம் எழுதத் தோன்றும். சுருக்கிச் சொல்கிறேன். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் ஒயர்கள் தம்மைச் சுற்றி எப்போதும் ஒரு மின்புலத்தைப் பரப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிரம்பிய பெரிய பை. அந்தப் புலத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். பிக்கப்போ தலைமுடி கனமுள்ள செம்புக் கம்பியை 7,000, 8,000 சுற்று சுற்றிய சுருள். சின்னச் சலசலப்பையும் விடாது. அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்காருகிறீர்கள். நனைந்த குடையை மடியில் போட்டுக்கொண்டு கடிதம் எழுதுவது மாதிரிதான். கம்பியைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால், விரல் கம்பியில் பட்ட நொடியே உடம்பில் இருப்பது வடிந்துவிடும். அதுவரை உறுமலைக் கொண்டுவந்து கொட்டிய உடம்பே, பிக்கப்புக்கு முன்னால் தட்டி வைத்து மறைத்தது போல் நின்றுகொள்ளும்.

இப்போது வேலை. பிரிட்ஜ் என்பது கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி. ஸ்ட்ராட் மாடலில் ‘பிரிட்ஜ் கிரவுண்ட்’ என்று சொன்னாலும் ஒயர் பிரிட்ஜுக்குப் போவதில்லை. பின்பள்ளத்தில் ஸ்பிரிங்குகளைக் கொக்கி போட்டுப் பிடித்திருக்கும் இரும்பு நகம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில்தான் பற்றவைக்க வேண்டும். நகத்திலிருந்து ஸ்பிரிங், ஸ்பிரிங்கிலிருந்து கனமான இரும்புக் கட்டை, கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் கம்பியின் உருண்டை முனை என்று பாதை தானாக அமைந்துவிடும். ஒயரின் மறுமுனை வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் இருக்க வேண்டும்.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் அந்த நகம்தான். 25 வாட் சால்டரிங் அயனை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் போராடுவார்கள். நகம் கனமான இரும்பு, சூட்டையெல்லாம் குடித்துவிடும். ஈயம் மேலே உருண்டையாக உட்காரும், பளபளவென்று பார்க்க அழகாகவும் இருக்கும். ஒரு வாரம் கழித்து விரலால் தட்டினால் வேர்க்கடலை மாதிரி உதிரும். இதைத்தான் நாங்கள் ‘டிரை சால்டர்’ என்போம். 60 வாட் அயன் வேண்டும். முதலில் நகத்தின் ஓர் ஓரத்தை அரத்தால் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவையுங்கள். ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தொட்டு, 60/40 ஈயத்தை நகத்தின் மேலேயே உருக்கிப் பரப்புங்கள். ஈயம் தண்ணீர் மாதிரி படர வேண்டும். ஒயரின் நுனிக்கும் தனியாக ஈயம் பூசுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்துச் சூடு கொடுத்து, ஆறும்வரை மூச்சுகூட விடாமல் பிடித்திருங்கள். (ஃப்ளக்ஸ் புகை பைன் மரப் பிசினின் புகை. காலையில் பட்டறையைத் திறந்ததும் அந்த வாசனை வந்தால், "உங்க சாமிக்குச் சாம்பிராணி போட்டாச்சா?" என்பாள் வீட்டுக்காரி.)

பெரிய அயன் இல்லையென்றால் ஒரு குறுக்குவழி. ஒயர் நுனியில் வளைய லக் (ஓட்டையுள்ள உலோகத் துண்டு) ஒன்றைப் பொருத்தி, நகத்தை மரத்தோடு பிடித்திருக்கும் நீள ஸ்குரூவின் தலைக்கும் நகத்துக்கும் நடுவில் கொடுத்து முறுக்கிவிடுங்கள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது. ஆனால் அரைகுறை ஈயத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மூடியை மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வையுங்கள். கிட்டாரில் கேபிளைச் சொருகி, கேபிளின் மறுமுனைப் பின்னில் நீளமான தண்டுப் பகுதியில் ஒரு முள்ளையும் கம்பியில் இன்னொரு முள்ளையும் வைத்தால் பீப் வர வேண்டும். ஆறு கம்பியிலும் பாருங்கள். கறுப்புப் பூச்சுள்ள பிரிட்ஜாக இருந்தால் முள்ளைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். பூச்சு மின்சாரம் கடத்தாது. ‘கிரவுண்ட் வரவில்லை’ என்று ஏமாந்து திரும்பக் கழற்றுவீர்கள். நான் கழற்றியிருக்கிறேன்.

வேறு மாடல் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெலிகாஸ்டர் வகையில் தோல் உரித்த ஒயர் நுனியைப் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் படுக்கவைத்து, மேலே தகட்டை முறுக்கியிருப்பார்கள். லெஸ் பால் வகையில் கன்ட்ரோல் பள்ளத்திலிருந்து ஒரு துளை போட்டு, கம்பி மாட்டும் டெயில்பீஸின் மரையாணிக் குழல் வரை ஒயரைக் கொண்டுபோய், குழலை அடித்து இறக்கும்போது ஒயர் அதில் நசுங்கி நிற்கும்படி செய்திருப்பார்கள். அதைப் பிடுங்குவது வம்பு. பீப் வருகிறதென்றால் கை வைக்காதீர்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: எனக்குத் தலைகீழ், அண்ணே. கம்பியைத் தொட்டால் உறுமல் கூடுகிறது!

ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. பிக்கப்பின் சிக்னல் போக வேண்டிய காதில் கிரவுண்டும், கிரவுண்ட் போக வேண்டிய காதில் சிக்னலும் இருக்கின்றன. நீங்கள் கம்பியைத் தொடும்போதெல்லாம் உங்கள் உடம்பையே ஆம்ப்பின் வாயில் சொருகுகிறீர்கள். பின்னின் நுனியைத் தொடும் வளைந்த நாக்குக்குச் சிக்னல், தண்டைத் தொடும் வளையத்துக்குக் கிரவுண்ட். மாற்றி வையுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

பெயர் வெளியிட விரும்பாதவர், முதலியார்பேட்டை: ஹம்பக்கர் பிக்கப் போட்டால் உறுமலே வராது, பிரிட்ஜ் ஒயரும் தேவையில்லை என்று சொல்லி விற்றார்கள். போட்டேன். உறுமல் குறைந்தது, போகவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பாதிதான் ஏமாந்தீர்கள். ஹம்பக்கர் நல்ல சரக்கு. 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வேலை அது. இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிரெதிராக வைத்தார். இரண்டிலும் ஒரே மாதிரி நுழையும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். கம்பியின் சத்தம் மட்டும் கூடும். ஆனால் அது அடிப்பது டிரான்ஸ்பார்மர், மோட்டார் போன்றவற்றிலிருந்து காந்தப்புலமாக வரும் உறுமலை. உங்கள் உடம்பு வழியாக மின்புலமாக வருவது வேறு ரகம். அது பிக்கப்புக்கு வெளியே இருக்கும் ஒயர், சுவிட்ச், கன்ட்ரோல் எல்லாவற்றிலும் ஏறும். அதற்குப் பிரிட்ஜ் ஒயரும், உள்பள்ளத்தில் ஒட்டும் செம்புத் தாளும்தான் மருந்து. தாளைக் கண்டிப்பாகக் கிரவுண்டோடு சேருங்கள். சேர்க்காத தாள் சுவரில் ஒட்டிய காலண்டர்தான்.

உறுமல் எங்கிருந்து வருகிறது என்று காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இது என் பழைய ரேடியோக் கடைப் புத்தி. கிட்டாரைச் சரியாகச் சுதி சேர்த்துக்கொண்டு, கனமான ஆறாவது கம்பியை மூன்றாவது கட்டில் அழுத்தி மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். உறுமல் கிட்டத்தட்ட அதே சுதியில், ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் பவர் சப்ளையில் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் களைத்துப்போயிருக்கும், கிட்டாரைக் குறை சொல்லாதீர்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே கும்மென்று கேட்டால் 50 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் நேராக ஏறுகிறது. இரண்டும் இல்லாமல் ‘ர்ர்ர்’ என்று கரகரத்தால், ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். உருட்டுகிற ரக எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடு வேகத்தில் செய்யும் அட்டகாசத்துக்குக் கிட்டாரைப் பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அமெரிக்க வீடியோக்களில் கேட்கும் உறுமல் நம்முடையதைவிடக் கொஞ்சம் உச்சமாக இருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதைக் கேட்டு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

மஞ்சக்குப்பம் வாசகர்: லேப்டாப்பில் ஆடியோ இன்டர்ஃபேஸ் மாட்டிக் கிட்டார் பதிவு செய்கிறேன். கம்பியில் கையோட்டினால் மெல்லிய எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்கிறது. கிட்டாரில் ஷாக் இருக்கிறதா?

கிட்டாருக்குள் ஷாக் அடிக்க எதுவும் இல்லை. அது வெறும் பாதை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஊர்வது நின்றுவிட்டால் குற்றவாளி அந்த இரண்டு பின் சார்ஜர். அதற்குள் மின்சாரப் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே, இரைச்சலை அடக்கச் சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக ஒரு துளி கசியும். எர்த் பின் இல்லாததால் அந்தத் துளிக்குப் போக இடமில்லை. இன்டர்ஃபேஸ், கேபிள், பிரிட்ஜ் ஒயர், கம்பி, உங்கள் விரல், வெறுங்கால், மொசைக் தரை என்று வடிகிறது. மீட்டரில் பார்த்தால் 100 வோல்ட் சுமார் காட்டும், பயந்துவிடாதீர்கள். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே. உதட்டுத் தோல் மெலிசு, ஈரம் வேறு. அதனால்தான் அங்கே சுருக்.

மூன்று பின் உள்ள, எர்த்தை லேப்டாப் வரை கொண்டுபோகும் சார்ஜர் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பதிவு செய்யும் நேரத்துக்குப் பேட்டரியில் ஓட்டுங்கள். பேட்டரியில் ஓட்டியும் ஊர்கிறது என்றால் அது வேறு விஷயம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

இளைஞர் குழு, வில்லியனூர்: எங்கள் ஆம்ப்பையும் மிக்ஸரையும் சேர்த்தால் பெரிய உறுமல் வருகிறது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒருவர் ஆம்ப் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிடச் சொன்னார். ஒருமுறை இரண்டு பின் அடாப்டர் போட்டுப் பார்த்தோம், உறுமல் சுத்தமாக நின்றுவிட்டது. உடைத்துவிடலாமா ஐயா?

கூடாது. கூடவே கூடாது. அந்த அடாப்டரையும் இன்றே குப்பையில் போடுங்கள்.

நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். 1987 ஆடி மாதம், பாகூர் பக்கம் ஒரு ஊரில் செடல் திருவிழாக் கச்சேரி. சாயங்காலம் மழை பெய்து மேடைப் பலகை ஊறிப்போயிருந்தது. மைக் செட்டுக்கு ஜெனரேட்டர், எங்கள் கிட்டார் ஆம்ப்புகளுக்குக் கோயில் லைன். பேஸ் ஆம்ப்பின் பெரிய பின்னை நான்தான் உடைத்திருந்தேன், உங்கள் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் சொன்ன அதே காரணத்துக்காக. அப்போது எனக்கு 28 வயசு, எல்லாம் தெரியும் என்று நினைப்பு. ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மர் பழசு. உள்ளே காப்பு கசிந்து இரும்புப் பெட்டிக்கு மின்சாரம் வந்திருக்கிறது. பெட்டியிலிருந்து கேபிள், பிரிட்ஜ் ஒயர், பேஸ் கம்பி, என் இடது கை. கோரஸ் பாட மைக்குக்கு வாயைக் கொண்டுபோனேன். உதட்டில் பளீரென்று ஒரு வெளிச்சம். அப்புறம் எனக்குத் தெரிந்தது மேடைக்குக் கீழே இருந்த சேறு. கீழே விழுந்ததில் கேபிள் பிடுங்கிக்கொண்டது. அதனால் இன்று உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். மேல் உதட்டில் இன்னும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது.

ஆக, நல்லது செய்யும் அதே பிரிட்ஜ் ஒயர் கெட்டதையும் கொண்டுவந்து கையில் கொடுக்கும். அது ஆம்ப்பின் பெட்டியை உங்கள் விரலோடு கட்டிவைக்கிறது. பெட்டி பூமியோடு சேர்ந்திருந்தால் நீங்களும் பூமியோடு சேர்ந்திருக்கிறீர்கள். பெட்டியில் ஃபேஸ் ஏறினால் நீங்கள் ஃபேஸ். எதிரில் இருக்கும் மைக் ஒழுங்காக எர்த் ஆகியிருந்தால் சர்க்யூட் முடிந்தது. 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். 27 வயது.

ரேடியோ வேலை கற்றுக்கொடுத்த என் ஆசான், பழைய ஏ.சி.-டி.சி. வால்வு செட்டைத் திறக்கும்போது இடது கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்வார். அந்தச் செட்டுகளில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, உட்சட்டமே நேராக மின்சாரத்தில் நிற்கும். இரண்டு கையும் உள்ளே போனால் நெஞ்சு வழியாகப் பாயும் என்பதால் அந்தப் பழக்கம். கிட்டார்காரன் இடது கையைப் பையில் போட முடியாதே.

உங்கள் உறுமலுக்கு வருகிறேன். அது எர்த் வளையம். ஆம்ப்பும் மிக்ஸரும் வேறு வேறு இடத்தில் எர்த் ஆகி, நடுவில் ஆடியோ கேபிளின் மேல்வலையும் சேர்ந்து ஒரு வட்டம் ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே போகும். மீதிக்கு, ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் டிரான்ஸ்பார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்குப் பொருத்திக் கொடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை வைத்து, அதிலிருக்கும் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைப் போடுங்கள். அது ஆடியோ கேபிளின் கிரவுண்டைத்தான் விலக்கும், சுவர் எர்த்தைத் தொடாது. விலக்க வேண்டிய இடம் அதுதான்.

சுவரில் எர்த் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மூன்று துளை இருப்பதால் மூன்றிலும் ஒயர் இருக்கும் என்று நம்பாதீர்கள். அதைவிட மோசம், சிலர் எர்த் துளையை உள்ளேயே நியூட்ரலோடு முடிந்துவிடுவார்கள். டெஸ்ட் பல்பு எரியும், எர்த் இருப்பது போலவே தெரியும். எங்கேயாவது நியூட்ரல் அறுந்த அன்று ஆம்ப்பின் பெட்டிக்கு முழு 230 வோல்ட்டும் வந்து உட்காரும். நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழி மணல்பாங்கான நிலத்தில் இருந்தால் சித்திரை வைகாசியில் காய்ந்துவிடும், வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பயிற்சி செய்யும் அறைக்கு, மின்கசிவு கண்டால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று போட்டுக்கொண்டால் உங்கள் அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார்.

அன்று இரவு கச்சேரி நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. குளத்துக் கரை ஈரத்தில் ஒரு கடப்பாறையை அடித்து இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, பெட்டியிலிருந்து ஒயர் இழுத்தோம். எல்லாவற்றையும் ஜெனரேட்டருக்கே மாற்றினோம். அன்று இருந்தது கசிவு என்பதால் கடப்பாறை தாங்கியது. நேரடி ஃபேஸாக இருந்தால் ஃபியூஸைப் போக்கும் அளவுக்கு ஒரு கடப்பாறை மின்னோட்டத்தை இழுக்காது. ஆகவே இதை ஒரு முறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோட்டக்குப்பம் வாசகர்: பிரிட்ஜ் ஒயருக்கு நடுவில் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் போட்டால் ஷாக் அடிக்காது என்கிறார்களே?

கணக்கு சரிதான். 230 வோல்ட்டை 220 கிலோ ஓமால் வகுத்தால் சுமார் ஒரு மில்லி ஆம்பியர். திடுக்கிடுவீர்கள், சாக மாட்டீர்கள். உறுமலும் பெரிதாகக் கூடாது. ஆனால் கம்பியை மட்டும்தான் இது காக்கும். ஜாக் தகடு, இரும்புக் குமிழ், கேபிள் பின்னின் தண்டு எல்லாம் நேரடிக் கிரவுண்டிலேயே இருக்கும். கை அங்கே போகாமலா இருக்கும்? ஊர் ஊராகப் போய், எந்த மேடையில் என்ன எர்த் என்று தெரியாமல் வாசிப்பவராக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. கெப்பாசிட்டர் 500 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். வீட்டில் வாசிப்பவர் அந்தக் காசில் எர்த்தைச் சரிபார்க்கலாம்.

இசை ஆசிரியை, முத்தியால்பேட்டை: என் அப்பாவின் மேண்டலினில் காந்தப் பிக்கப் ஒன்றைப் பொருத்தினோம். கடைக்காரத் தம்பி பிரிட்ஜுக்குக் கிரவுண்ட் ஒயர் கொடுத்ததாகச் சொல்கிறார், ஆனால் உறுமல் நிற்கவில்லை. கர்நாடக இசைக்கு மேண்டலின் ஒத்துவராதோ என்றுகூடத் தோன்றுகிறது.

மேண்டலின் ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மேண்டலினை வைத்துக்கொண்டு என்ன செய்து காட்டினார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை அம்மா. கோளாறு ரொம்பச் சின்னது. உங்கள் மேண்டலினின் பிரிட்ஜ் மரம். மரத்தில் ஒயரைக் கட்டினால் மின்சாரம் எப்படிக் கம்பிக்குப் போகும்? அந்தத் தம்பி கிட்டார் படத்தைப் பார்த்து வேலை செய்திருக்கிறார். அடிப்பக்கத்தில் கம்பிகள் மாட்டியிருக்கும் உலோக டெயில்பீஸுக்கு ஒயரை மாற்றச் சொல்லுங்கள். எட்டுக் கம்பியும் அதில்தான் தொடங்குகின்றன, எட்டுக்கும் ஒரே ஒயர் போதும். அதன் ஸ்குரூவில் ஒரு லக் கொடுத்தாலே வேலை முடிந்தது. அப்பாவின் வாத்தியத்தில் அயனால் சுட வேண்டாம். மரப் பிரிட்ஜ் உள்ள பெரிய வயிற்றுக் கிட்டார்களுக்கும் இதேதான்.

நைலான் கம்பி போட்டவர்கள் இதைப் படித்துவிட்டு ஒயர் தேடக் கிளம்ப வேண்டாம். நைலான் கடத்தாது.

தேவனாம்பட்டினம் வாசகர்: இ.எம்.ஜி. கம்பெனியின் ஆக்டிவ் பிக்கப் போட்டேன். கூட வந்த தாளில் பிரிட்ஜ் ஒயரைச் சேர்க்காதே என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையில்லை. அதற்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெருக்கி இருக்கிறது, பிக்கப்பும் உள்ளேயே மறைப்புப் போட்டு வருகிறது. உங்கள் உடம்பின் தயவு அதற்குத் தேவையில்லை. பிரிட்ஜ் ஒயரை எடுத்துவிட்டு, நுனியில் டேப் சுற்றி வையுங்கள். வெட்டிப் போட்டால் நாளைக்குச் சாதாரண பிக்கப்புக்குத் திரும்பும்போது தேடுவீர்கள். பயிற்சி முடிந்ததும் கேபிளைப் பிடுங்கி வையுங்கள், இல்லையென்றால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

அரியாங்குப்பம் வாசகர்: வெயில் காலத்தில் என் கிட்டாரில் உறுமல் இல்லை. ஐப்பசி பிறந்தால் வந்துவிடுகிறது. தை பிறந்தால் போய்விடுகிறது. மூன்று வருஷமாக இப்படி. என்ன மாயம் சார்?

உப்புக் காற்று சார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு என் பட்டறைக்கு வந்த செட்டுகளில் பாதி இந்தக் கேஸ்தான். நம் ஊரில் அதற்குப் புயலே தேவையில்லை, ஜன்னலைத் திறந்தாலே போதும். நகத்துக்கும் ஸ்பிரிங் கொக்கிக்கும் நடுவில் துரு படிந்திருக்கும். ஜாக்கின் வளையத்தில் பச்சைக் களிம்பு இருக்கும். காய்ந்த காலத்தில் எப்படியோ ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். மழைக்காலத்தில் துரு ஊறித் தொடர்பு ஆடும், அதே நேரத்தில் காற்றின் ஈரத்தில் எல்லாம் கொஞ்சம் கசியவும் செய்யும். உறுமல் வரும் நாளில் மீட்டரைப் பிடித்துக் கம்பிக்கும் ஜாக்குக்கும் நடுவே எத்தனை ஓம் என்று பாருங்கள். ஓர் ஓமுக்குள் நிலையாக நிற்க வேண்டும். முள் வைத்த இடத்திலேயே எண் 5, 40, 200 என்று ஆடினால் அதுதான்.

ஸ்பிரிங்குகளைக் கழற்றி, கொக்கி நுனிகளையும் நகத்தின் பற்களையும் நல்ல உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். கழற்றும் முன் ஆறு கம்பியையும் தளர்த்திவிடுங்கள், முகத்தில் தெறிக்கும். ஜாக்கில் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு. ஈயப்பற்றில் சாம்பல் நிற வளையம் தெரிந்தால், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் செய்துவிடுங்கள். ஐப்பசியில் என் பட்டறையில் வரிசை நீளமாக இருக்கும்.